அரைப்புள்ளி

போயிட்டு வர்றேன் என்று சொல்லித்தான்
கிளம்புகிறது ஒவ்வொரு கதிரும்.
சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.
போக வர ஆன நேரத்தைப்
பாதியாக்கினால் தூரம் தெரியும்.
நொடிக்கு ஐந்து லட்சம் தடவை இதே கணக்கு.
வேறொன்றும் தெரியாது என் முக்காலிக் கருவிக்கு.

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்குப் பதினான்கு பங்கு,
ஐந்து வக்கீல்.
டேப் பிடித்து வரைந்த மூன்று படங்களும்
மூன்று வீடுகளாக வந்ததால்
என்னைக் கூப்பிட்டார்கள்.
"மெஷின் பொய் சொல்லாதுல்ல?" என்றார் சோலையப்பன்.
சொல்லாது.
ஏமாறும் என்பதை
முன்பணம் வாங்கும்வரை நான் சொல்லவில்லை.

முட்டைவெள்ளை பூசி இழைத்த சுவரில்
கதிருக்குக் கால் வழுக்கும்.
வளவுக்கு மேலே வெறும் வானம்,
அங்கே போனது எதுவும் வரவில்லை.
திரையில் அந்தச் சதுரம் கறுப்பு.
திரும்பாததற்குப் புள்ளி கிடையாது.

"அஞ்சு நிமிசம், யாரும் குறுக்க வராதீங்க!"
அபுதாகிர் கத்தியதும்
எல்லோரும் முகப்புக்குக் காபி குடிக்கப் போனார்கள்.
உண்ணாமலை போகவில்லை.
முப்பத்தெட்டு வயது, சென்னையிலிருந்து இரவு பஸ்,
தோளில் அலுவலக லேப்டாப்.
வளவில் இடமிருந்து மூன்றாவது அறை
அவள் கணவன் பங்குக்கு ஒதுங்கியது,
பத்தடிக்குப் பதினோரடி.
திருச்சி புறவழிச்சாலையில் கார் நசுங்கிய பிறகு
அது யாருக்கு என்பதுதான்
நான்காவது வக்கீலின் வழக்கு.

கோயில் கணக்கில்
புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு புள்ளி.
ஒருவர் போனால் மிச்சம் அரைப்புள்ளி.
வரியும் பாதிதான், அதில் நியாயம் உண்டு.

"நான் பாட்டுக்கு நிக்கிறேன். அசைய மாட்டேன்."
அசையவில்லை.

இரவு, காரைக்குடி லாட்ஜில்
புள்ளிகளைத் துடைக்க உட்கார்ந்தேன்.
காக்கை, கொடியில் ஆடிய துண்டு,
பொறுக்காமல் எட்டிப் பார்த்த சோலையப்பன்
(நடந்துகொண்டே இருந்ததால் அவருக்கு ஆறு கால்)
எல்லாம் அழிய வேண்டியவை.
அவளும் அந்தக் கணக்கில்தான்.

பதினோராயிரத்துச் சொச்சம் புள்ளிகள்.
நெற்றி, சேலை மடிப்பு, சற்றே தூக்கிய தாடை.
பக்கவாட்டில் திருப்பினேன்.
முதுகு இல்லை.
கதிர் பார்த்த பக்கம் மட்டும்,
கவிழ்த்துப் பார்த்த சிரட்டை போல உள்ளே குழிவு.
அட, நீயுமா பாதி எழுதினாய்
என்று கருவியின் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன்.

பிறகுதான் கண்டேன்
சுவருக்குப் பின்னால் ஓர் அறை.
வீட்டில் இல்லாத அறை.
ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி செய்த வேலை.
பட்டுத் தெறித்தது கதிருக்குத் தெரியாது,
நேராகப் போனேன் என்றே சாதிக்கும்.
சாதித்துச் சாதித்து
தூணும் உத்தரமும் இடவலம் மாறிய
இன்னொரு வளவைக் கட்டிவிட்டது.
அதற்குப் பட்டா இல்லை, பங்காளி இல்லை,
வழக்குப் போட ஆளில்லை.

அங்கே நின்றிருந்தாள்.
முதுகு மட்டும்.
பின்னலும், தவறான தோளில் பை வாரும்.

அறையை அழிப்பதற்கு முன்
முதுகை மட்டும் வெட்டி எடுத்தேன்.
புரட்டினேன்; வார் சரியான தோளுக்கு வந்தது.
முகத்துக்குப் பின்னால் மெல்லக் கொண்டுபோய் வைத்தேன்.
இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி.
பழைய கண்ணாடியின் கனமாக இருக்கும்.

காலையில் சோலையப்பனுக்குப் போன கோப்பில்
மனிதர் யாருமில்லை.
சுவர், கதவு, சதுரடி.
மூன்றாவது அறை
மூன்று படங்களிலும் இருந்ததைவிட
ஓர் அங்குலம் கூடுதல். அது உண்மை அளவு,
நான் கை வைக்கவில்லை.

மற்றதை யாருக்கு அனுப்ப?
என்னவென்று எழுதி அனுப்ப?
பெயர் கேட்டது கணினி.
ஒரு புள்ளி, என்று அடித்தேன்.
சாவி கேட்டுக் கதவைத் தட்டினான் லாட்ஜ் பையன்.